கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்

"மாமா, புது சீசன் பாத்தாச்சா?" என்று அக்கா மகன் கேட்டான். எந்தத் தொடர் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பான், ஏனென்றால் அவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நான்தான். ஆறு வயதில் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யாருக்கு அப்பா என்பதை மட்டும் உளறிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டார் வார்ஸின் மூன்று பழைய படங்களையும் காட்டினேன். இப்போது அவனுக்குப் பதினேழு. "இன்னும் இல்லடா, பாக்கணும்" என்றேன். பல் டாக்டரைப் பார்க்கணும் என்று சொல்வோமே, அந்த மாதிரி 'பாக்கணும்'.

உண்மையில் நான் பார்க்கப்போவதில்லை. இதை வெளியே சொல்ல ஒரு வருடமாகக் கூச்சமாக இருந்தது.

நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த ஆள் இல்லை. விண்கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக்கில் 1987-லிருந்து 2001 வரை வந்த மூன்று தொடர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே 500 எபிசோடுக்கு மேல் வரும், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். கூட்டினால் 390 மணி நேரத்தைத் தொடுகிறது, அதாவது தூக்கமே இல்லாமல் பதினாறு நாள். அத்தனையும் பார்த்திருக்கிறேன், சிலவற்றை இரண்டு மூன்று தடவை. ஸ்டார் வார்ஸ் நாவல்கள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. 'டாக்டர்' என்ற நாயகனாக நடிகர்கள் மாறி மாறி வரும் பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவில் எந்த டாக்டருக்குப் பிறகு எந்த டாக்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவேன். அப்படிப்பட்ட எனக்கு இப்போது ஒரு புது டிரெய்லர் வந்தால் முதலில் வருவது அலுப்புதான். இதற்கு முன்னால் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும் என்று மனசு தானாகவே பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கு இப்போது நாற்பத்தேழு. 1987-இல் பேட்ரிக் ஸ்டூவர்ட் ஸ்டார் ட்ரெக்கின் வழுக்கைத் தலை கேப்டனாக முதல்முதலாக வந்து உட்கார்ந்தபோது அவருக்கும் இதே நாற்பத்தேழுதான். நான் அவரை 'அந்தக் கிழவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, அதை விடுங்கள்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, தரம் குறைந்துவிட்டது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1983-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கரடி பொம்மை மாதிரி இருந்த ஈவாக்குகள் கல்லாலும் கட்டையாலும் ஒரு பேரரசின் படையையே அடித்துத் துரத்தியபோது அன்றைக்குப் பெரியவர்களாக இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், பின்னால் சின்னப் பையனாகப் பார்த்த எனக்கு அது பிரமாதமாக இருந்தது. 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தை என் வயதுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கரித்துக் கொட்டினோம், ஆனால் அப்போது எட்டு வயதாக இருந்தவர்களிடம் இன்று போய் அந்தப் படம் குப்பை என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். இன்னொரு பதில், உனக்கு வயசாகிவிட்டது, இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்பது. அதுவும் ஒட்டவில்லை. நான் இன்னும் அறிவியல் புனைகதைதான் படிக்கிறேன். ஒரே புத்தகத்தில் முடிகிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு விஷயம் பிடிபட்டது ஒரு பழைய கணக்கு நோட்டால்.

முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், 1977-இல் வந்ததில், ஒரு காட்சி உண்டு. கிழவர் ஓபி-வானின் குடிசையில் இளம் நாயகன் லூக் உட்கார்ந்து ரோபோவின் கையை ரிப்பேர் செய்துகொண்டே பேச்சுக் கொடுக்கிறான். பேச்சுவாக்கில், நீங்கள் குளோன் யுத்தத்தில் சண்டை போட்டீர்களா என்று கேட்கிறான். ஆமாம் என்கிறார் கிழவர். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அது என்ன யுத்தம், யார் யாரோடு மோதினார்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் அந்தப் படத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பார்த்தேன். சண்டைக் காட்சிகளை விட அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குளோன் என்றால் நகல் என்று மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். என்னுடைய குளோன் யுத்தத்தில் நகல்கள்தான் எதிரி. ஒரு நாள் ராத்திரி கிரகம் கிரகமாக ஆட்களுக்குப் பதில் நகல்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன, வீட்டில் அப்பா அசலா நகலா என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. ஜெடாய்கள், அதாவது அந்த உலகத்து வீரத் துறவிகள், ஒவ்வொரு வீடாகப் போய் மோப்பம் பிடிக்கிறார்கள். ஒரு ஜெடாய் மட்டும் தானே நகல்தான் என்பதைக் கடைசியில் கண்டுபிடிக்கிறார். இதற்கு வரைபடம், படைத் தளபதிகள் பெயர், எந்த வருடம் எந்தக் கிரகம் விழுந்தது என்ற அட்டவணை எல்லாம் உண்டு. நோட்டின் முன்பக்கம் இருபடிச் சமன்பாடு, பின்பக்கம் யுத்தம். இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டபோது யுத்தத்துக்காகப் புது நோட்டு கேட்டேன், கிடைக்கவில்லை.

போன வருடம் பழைய பெட்டியைக் கிளறியபோது அந்த நோட்டு கிடைத்தது. அக்கா மகனிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தான். இரண்டு பக்கம் சிரித்தான், ஒரு பக்கம் உண்மையாகவே ரசித்தான். அப்புறம் ரொம்ப மென்மையாக, மனசு நோகக்கூடாது என்கிற குரலில் சொன்னான்: "ஆனா இது தப்பு மாமா. குளோன்ஸ் ஜெடாய் பக்கம்தான் சண்டை போடுவாங்க. கார்ட்டூன்லயே ஏழு சீசன் இருக்கே."

அவன் சொன்னதில் பிழை இல்லை. 2002-இல் அதைப் பற்றி ஒரு முழுப் படம் வந்தது, 2008-லிருந்து தொடராக 133 எபிசோட் வந்தது. எந்தக் கிரகத்தில் எந்தப் படைப்பிரிவு, எந்தத் தளபதியின் ஹெல்மெட்டில் என்ன நிறக் கோடு என்பது வரைக்கும் இன்று பதில் இருக்கிறது. மோசமான தொடரும் இல்லை, அதில் சில கதைகள் படங்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனாலும் பதின்மூன்று வயதில் நான் வேலி போட்டு உழுது வைத்திருந்த துண்டு நிலத்தை யாரோ முறைப்படி பட்டா போட்டு எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவர்கள் நிலம்தான், நான்தான் அத்துமீறிக் குடியிருந்தவன், அதெல்லாம் தெரிந்தே இருந்தது.

பெரிய தொடர்கள் எல்லாம் போகப் போக இதைத்தான் செய்கின்றன. ஆரம்பக் கதையில் எழுதியவர் அவசரத்திலோ அலட்சியத்திலோ சில இடங்களைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருப்பார். பின்னால் வருகிறவர்களுக்கு அது காலி மனை. காலி மனையைப் பார்த்த புரோக்கர் சும்மா இருப்பாரா? 2012-இல் ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ் ஃபிலிமை டிஸ்னி வாங்கியது, அந்தக் காசை எப்படியாவது எடுத்தாக வேண்டும், புதுசாக ஒன்றைக் கட்டி ஜனங்களை அங்கே வரவழைப்பதை விட ஏற்கெனவே பெயர் தெரிந்த தெருவில் இருக்கும் காலி மனையில் கட்டுவது சுலபம். ஸ்டார் வார்ஸ் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவுக்கு அந்தக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று நாற்பது வருடம் யாரும் கேட்கவில்லை. 2018 படத்தில் அதற்கும் பதில் கொடுத்தார்கள்: ஆள் சேர்க்கிற அதிகாரி உன் ஆட்கள் யார் என்று கேட்க, எனக்கு யாரும் இல்லை என்று இவன் சொல்ல, சரி 'சோலோ' என்று அவரே எழுதிக்கொள்கிறார். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் சத்தமாகவே பெருமூச்சு விட்டார்.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஸ்டார் ட்ரெக்கில் வரும் வேற்றுக்கிரகச் சண்டைக்கார இனமான கிளிங்கான்களின் நெற்றி. 1966-இல் ஸ்டார் ட்ரெக் வந்தபோது கையில் காசு இல்லை, கொஞ்சம் கறுப்பு மேக்கப், ஒட்டு மீசை, முடிந்தது கிளிங்கான். 1979-இல் சினிமாவாக எடுத்தபோது காசு இருந்தது, அதனால் நெற்றியில் எலும்பு எலும்பாகப் புடைப்பு வந்துவிட்டது. நடுவில் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பனைக்காரருக்குச் சம்பளம் கூடிற்று, அதுதான் ஆயிற்று! 1996-இல், தொடரின் முப்பதாம் வருடத்துக்காக, பிற்காலத்து ஆட்கள் காலப் பயணம் செய்து பழைய தொடரின் ஒரு எபிசோடுக்குள்ளேயே போய்விடுவது போல ஒரு கதை எடுத்தார்கள். அங்கே மதுக்கடையில் வழவழ நெற்றியோடு பழைய கிளிங்கான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பி, தங்களோடு வந்த, புடைத்த நெற்றியோடு நிற்கும் கிளிங்கானான வோர்ஃபைப் பார்க்கிறார்கள். அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, இதைப் பற்றி நாங்கள் வெளி ஆட்களிடம் பேசுவதில்லை என்கிறான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கேள்வி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று, நமக்கும் ஒரு கண்ணடிப்பு, கதவை மூடியாயிற்று. இதற்கு மேல் ஒரு பதில் தேவையா? தேவை என்று யாரோ நினைத்தார்கள். 2005-இல் இரண்டு எபிசோட் முழுக்க உட்கார்ந்து, மரபணுவை மாற்றப்போய் ஒரு வைரஸ் பரவி, அதனால் நெற்றிப் புடைப்பு மறைந்து போயிற்று என்று விளக்கினார்கள். அறிவியல்படி ஓரளவு நியாயமாகத்தான் சொன்னார்கள். ஜோக்கை யாரோ எடுத்து வைத்துப் பதவுரை பொழிப்புரை சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கு இருபத்தேழு வயது, இரண்டு எபிசோடையும் விடாமல் பார்த்துவிட்டு, நல்ல விளக்கம் என்று நண்பர்களிடம் வேறு சொல்லியிருக்கிறேன். சலிப்பு வர இன்னும் நேரம் இருந்தது.

டாக்டர் ஹூ இதில் கொஞ்சம் புத்திசாலி. 1966-இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஆளே உருமாறி வேறு முகமாகிவிடுவார் என்று வைத்தார்கள், அதனால் முதுமையே அந்தக் கதைக்குள் ஒரு வசதியாக ஆகிவிட்டது. ஆனால் பெயரிலேயே 'யார்' என்று கேள்வியை வைத்திருக்கிற தொடர், அவர் எங்கிருந்து வந்தவர் என்பதற்கு 2020-இல் பெரிய விளக்கம் கொடுத்தது. எனக்குத் தாங்கவில்லை, அங்கேயே இறங்கிவிட்டேன்.

என் கட்சிக்கு எதிராக ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த 'ரோக் ஒன்' 1977 படத்தின் தொடக்கத்தில் மேலே நகர்ந்துபோகும் எழுத்துகளில் ஒரு வாக்கியத்தை வைத்து எடுத்த படம். 'ஆண்டோர்' அந்தப் படத்தில் வரும் ஆண்டோர் என்பவனைப் பற்றிய தொடர், அந்தப் படத்துக்கும் முன்கதை. நான் சொல்கிற கணக்குப்படி இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஆனால் அந்த 24 எபிசோடையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். யோசித்துப் பார்த்தால், அது எந்த ரகசியத்துக்கும் பதில் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். அந்த ஆளைப் பற்றி நான் ஒன்றும் கற்பனை செய்து வைத்திருக்கவில்லை, பறிகொடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு காரணம், அவன் சாகப்போகிறான் என்பது முதல் நாளே தெரியும், செத்தவன் திரும்பி வரமாட்டான் என்பதும் தெரியும்.

இந்தச் சாவு விஷயம் தனியாகவே எழுத வேண்டியது. 1982-இல் ஸ்டார் ட்ரெக் படத்தில் ஸ்பாக் செத்தார், 1984-இல் வந்துவிட்டார். அதையாவது ஒரு முழுப் படம் எடுத்துச் சம்பாதித்தார்கள். 1999-இல் ஒரு ஸ்டார் வார்ஸ் நாவலில் ஹான் சோலோவின் தோழன் செவ்பாக்கா மேல் ஒரு நிலாவே வந்து விழுந்தது. நிஜமாகவே ஒரு நிலா. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, இருபத்தொரு வயசு ஆம்பிளைக்கு! 2014 ஏப்ரலில் அதுவரை வந்த அந்த நாவல்கள் எல்லாம் இனி கணக்கில் இல்லை, வெறும் 'லெஜண்ட்ஸ்', அதாவது பழங்கதைகள், என்று அறிவித்துவிட்டார்கள். நிலா விழவே இல்லை, செவ்பாக்கா சாகவே இல்லை. பிழைத்துவிட்டான் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? அலமாரித் தட்டைப் பார்த்தேன். கோபம் வந்தது, அடுத்த நாள் போய்விட்டது. அப்புறம் வந்ததுதான் ஆச்சரியம், ஒரு நிம்மதி. பரீட்சை ரத்து என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தால் வருமே, அந்த நிம்மதி. இத்தனை நாள் ஆசையாகப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது எப்போது பரீட்சையாக மாறியது என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன். 2019-இல், 1983 படத்திலேயே செத்துப்போன பேரரசர் பால்படீன் எப்படியோ திரும்பி வந்துவிட்டதாகப் படத்தில் ஒரு வரியில் சொன்னபோது எனக்கு எரிச்சல்கூட வரவில்லை.

ஜெர்மனியில் பெர்ரி ரோடான் என்று ஒரு அறிவியல் புனைகதைத் தொடர் இருக்கிறது, 1961-லிருந்து வாரா வாரம் வருகிறது, 3000 இதழைத் தாண்டிவிட்டது. அதை நான் படித்ததில்லை, ஆனால் அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. முடியப்போகிறது என்று அது யாரிடமும் நடிப்பதில்லை.

இதற்கு நேர் எதிராக ட்யூன் என்ற நாவல் வரிசை. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1985-இல் ஆறாவது புத்தகத்தை எழுதினார், ஒரு கப்பல் எங்கே போகிறது என்றே தெரியாமல் கிளம்பிப் போவதோடு அது நிற்கிறது, அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். அவருடைய மகன் இன்னொருவரோடு சேர்ந்து அந்தக் கப்பல் எங்கே போயிற்று என்பதை 2006-லும் 2007-லும் இரண்டு புத்தகமாக எழுதினார். நான் இரண்டையும் கடையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதன்முதலாக, வாங்கக் காசு இருந்தும் ஆசை இருந்தும், ஒரு தொடர்ச்சியை வேண்டாம் என்று வைத்தது அதுதான். இன்றுவரை அந்தக் கப்பல் எனக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. எல்லாப் பழியையும் நிரப்புகிறவர்கள் மேல் போடுவது எனக்கு வசதியாக இருக்கிறது. பதின்மூன்று வயதில் ஒரே ஒரு வரி கிடைத்தால் ஆறு மாதம் ஓட்டினேன். இன்றைக்கு நல்ல கதை ஒன்றில் ஒரு காலி இடம் கிடைத்தால் என்ன செய்கிறேன்? ரசிக்கிறேன், அடடா எவ்வளவு அழகாக விட்டுவிட்டார் என்று சொல்லிக்கொள்கிறேன், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன். நோட்டு எடுப்பதில்லை. அவர்கள் மனையை எடுத்துக்கொள்வதற்கு ரொம்ப நாள் முன்பே நான் உழுவதை நிறுத்தியிருக்கலாம்.

போன சனிக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். புது சீசன் போடலாமா என்றான். வேண்டாம், இதைப் பார் என்று 1979-இல் வந்த 'ஏலியன்' போட்டேன். அவன் பார்த்ததில்லை, அதற்கு அப்புறம் வந்தவை எதையும் பார்த்ததில்லை. மூன்று பேர் அந்த விபத்துக்குள்ளான கப்பலுக்குள் நுழைந்து, மேலே ஏறி, அந்தப் பிரம்மாண்டமான நாற்காலியைக் காண்கிற இடம் வந்தது. யானை முகம் மாதிரி ஏதோ ஒன்று, பீரங்கி போன்ற எதற்கோ பின்னால் மல்லாந்து, உட்கார்ந்தபடியே கல்லாகிக் கிடக்கிறது. எலும்புகள் உள்ளேயிருந்து வெளியே வெடித்திருக்கின்றன. அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே குட்டி விண்வெளி உடை மாட்டிவிட்டு அதன் பக்கத்தில் நடக்க வைத்தார். இந்தத் தகவல் நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"யாரு மாமா அது?"

எனக்குத் தெரியும். 2012-இல் அதே இயக்குநரே அதற்கென்று ஒரு படம் எடுத்தார். அது எலும்பே இல்லை, உடை, உள்ளே இருந்தது கிட்டத்தட்ட நம்மைப் போன்ற ஓர் உருவம், அவர்கள் யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள், எல்லாம் வரிசையாகச் சொல்ல முடியும். பத்து நிமிடம் போதும்.

"யாருக்கும் தெரியாது" என்றேன்.

படத்தில் மூவரில் ஒருவன் அந்த இடத்தை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். அக்கா மகன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் கீழே இறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே கேட்டான்:

"தனியாவா வந்திருக்கும், மாமா?"